ஸ்பாரிங்கில் முறை குலைவது ஏன்? ஒரு குங்ஃபூ மாணவரின் கேள்வியும் பதிலும்

கேள்வி: நான் ஈரோட்டில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன், வயது 27. மூன்று ஆண்டுகளாக ஷாவ்லின் குங்ஃபூ கற்று வருகிறேன். ஃபார்ம் (எதிராளி இல்லாமல் தனியே செய்யும் அசைவுத் தொடர்) செய்யும்போது மாஸ்டர் என்னைத்தான் முன்வரிசையில் நிறுத்துவார். ஆனால் ஸ்பாரிங் (இருவர் எதிரெதிரே நின்று செய்யும் சண்டைப் பயிற்சி) தொடங்கிய பத்து வினாடிக்குள் எல்லாம் மறந்துபோய், கையைக் கண்டபடி சுழற்ற ஆரம்பித்துவிடுகிறேன். "ஃபார்மில் செய்வதைப் போலவே செய்" என்கிறார் மாஸ்டர். "ஃபார்ம் எல்லாம் மேடைக்கு, சண்டையில் அதை மறந்துவிடு" என்கிறார் வகுப்பில் மூத்த அண்ணன் ஒருவர். போன மாதம் என் வீச்சு தவறி, முழங்கை பட்டு, எதிரே நின்ற நண்பருக்குப் புருவம் கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து என் வலது கைச் சுண்டுவிரல் முட்டியும் வீங்கியிருக்கிறது. இன்னும் நான்கு மாதத்தில் மாவட்ட அளவிலான சாண்டா (குத்து, உதை, வீழ்த்தல் கொண்ட சீனச் சண்டை விளையாட்டு) போட்டி வருகிறது. சண்டையின்போது முறையான நிலையும் அடியும் உண்மையிலேயே முக்கியமா? அல்லது அது வகுப்பறை அழகு மட்டும்தானா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கேள்விக்குப் போவதற்கு முன் உங்கள் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முட்டி வீங்கி ஒரு மாதம் ஆகியும் வலி தீரவில்லை என்றால், அதைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். சுண்டுவிரலுக்கு நேர் கீழே உள்ளங்கைக்குள் ஓடும் எலும்பின் கழுத்துப் பகுதிதான், முஷ்டியைத் தவறாகப் பயன்படுத்துபவர்களுக்கு அடிக்கடி முறிகிற இடம். கையை மெல்ல மூடிப் பாருங்கள். மற்ற முட்டிகளைவிடச் சுண்டுவிரல் முட்டி உள்ளே அமுங்கித் தெரிந்தாலோ, விரல்களை மடக்கும்போது சுண்டுவிரல் மோதிர விரலின்மேல் ஏறிக்கொண்டாலோ, எலும்பு முறிந்து விலகியிருக்க வாய்ப்பு உண்டு. இந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும் இந்த வாரத்திலேயே எலும்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அவர் அனுமதிக்கும்வரை அந்தக் கையால் பையிலோ பேடிலோ குத்தாதீர்கள்.

உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இந்தக் காயத்திலேயே இருக்கிறது. முஷ்டி நேராகச் சென்று, ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டின் முட்டிகளும் முதலில் படும்படி இறங்கினால், அடியின் எதிர்விசை அந்த விரல்களுக்குக் கீழே உள்ள தடித்த எலும்புகள் வழியாக மணிக்கட்டுக்கும், அங்கிருந்து முன்கைக்கும் நேர்கோட்டில் போய்ச் சேர்கிறது. உடல் அதைத் தாங்கிக்கொள்கிறது. கை வட்டமாகச் சுழன்று வரும்போதோ, மணிக்கட்டு சற்று மடிந்து, வெளிப்பக்கத்து முட்டிகள் முதலில் மோதுகின்றன. மெலிந்த எலும்பு முழு எடையையும் தனியே வாங்குகிறது. கிளவுஸ் போட்டிருந்தால் தோல் தப்பிக்கும். ஆனால் கோணம் தவறிய அடியை எந்தக் கிளவுஸும் நேராக்கிவிடாது. ஆகவே முறை என்பது வகுப்பறை அழகா என்று நீங்கள் கேட்பதற்கு, அது முதலாவதாக உங்கள் எலும்புக்கான காவல் என்பதே என் பதில். எதிராளியை வெல்வது அதற்குப் பிறகுதான் வருகிறது.

மாஸ்டரும் மூத்த அண்ணனும் எதிரெதிரான இரண்டு விஷயங்களைச் சொல்வதாக உங்களுக்குத் தோன்றுகிறது. என் பார்வையில் இருவரும் ஆளுக்குப் பாதியைச் சொல்கிறார்கள். ஃபார்மில் உள்ள உருவத்தை அப்படியே ஸ்பாரிங்குக்குள் தூக்கி வைக்க முடியாது என்பதில் அண்ணன் சொல்வது சரி. ஃபார்ம் உங்கள் உடலுக்குள் கட்டியெழுப்பியிருக்கும் ஒழுங்கைச் சண்டையில் கைவிடக் கூடாது என்பதில் மாஸ்டர் சொல்வது சரி. எதை எடுத்துக்கொள்வது, எதை ஃபார்மிலேயே விட்டுவிடுவது என்பதை யாரும் உங்களுக்குப் பிரித்துக் காட்டவில்லை. உங்கள் குழப்பம் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

ஷாவ்லின் பள்ளிகளில் தொடக்கத்தில் கற்றுத்தரப்படும் ஐந்து நிலை ஃபார்மை, அதாவது ஊ பூ சுவானை, நீங்கள் நிச்சயம் நூற்றுக்கணக்கான முறை செய்திருப்பீர்கள், அதையே எடுத்துக்கொள்வோம். அதில் முதலில் வரும் குத்து, கோங் பு எனப்படும் வில் நிலையில் முடிகிறது: முன்முழங்கால் மடிந்து பாதத்துக்கு மேலே நிற்க, பின்கால் நீண்டு குதிகால் தரையை அழுத்த, இடுப்பு முன்னோக்கித் திரும்பியிருக்க, முஷ்டி தோள் உயரத்தில் நீள்கிறது. இதை நின்றுகொண்டு சண்டையிடும் ஒரு நிலையாகப் புரிந்துகொண்டால் ஸ்பாரிங்கில் அடி வாங்குவீர்கள். அவ்வளவு நீளமாகக் கால்களை அகட்டி நிற்பவரால் பின்வாங்கவோ பக்கவாட்டில் நகரவோ முடியாது, முன்தொடையில் விழும் உதையைத் தவிர்க்கவும் முடியாது. ஆனால் இதை ஒரு குத்து முடியும் கணத்தின் படமாகப் புரிந்துகொண்டால், அதில் உள்ள ஒவ்வொரு விவரமும் பயன்படுகிறது. பின்குதிகால் தரையைத் தள்ளுகிறது, அந்தத் தள்ளல் முழங்காலை நீட்டுகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் அதைத் தொடர்கிறது, கடைசியில்தான் கை வருகிறது. ஸ்பாரிங்கில் நீங்கள் இன்னும் உயரமாக, இன்னும் குறுகலாக நிற்பீர்கள்; அடியின் நீளமும் குறையும். ஆனால் தரையில் தொடங்கி முஷ்டியில் முடியும் அந்த வரிசை மாறக் கூடாது. கையைச் சுழற்றுபவரிடம் முதலில் காணாமல் போவது இந்த வரிசைதான்: கால்கள் ஒட்டிக்கொண்டிருக்க, தோள் மட்டும் தனியாக வேலை செய்கிறது.

மா பு எனப்படும் குதிரை நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் தொடை நடுங்க நின்று பழகும் இந்த நிலையைச் சண்டையில் யாரும் பயன்படுத்துவதில்லை என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. எதிராளியின் உதையைக் கையால் பிடித்துக்கொண்டு, ஒரு காலை அவருடைய ஊன்றுகாலுக்குப் பின்னால் வைத்து, உங்கள் இடுப்பை அவருடைய இடுப்புக்குக் கீழே இறக்கித் திருப்பி வீழ்த்தும்போது, அந்த அரை வினாடிக்கு நீங்கள் நிற்பது குதிரை நிலையில்தான். அங்கே முதுகு வளைந்திருந்தால் உங்கள் இடுப்பு வலிக்கும். முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் மூட்டுக்குள் இருக்கும் தசைநார் பாதிக்கப்படும். இடுப்பு இறங்காவிட்டால் அவர் விழ மாட்டார், நீங்கள் விழுவீர்கள். எடை முழுவதையும் பின்காலில் வைத்து முன்பாதத்தை லேசாகத் தொட்டு நிற்கும் ஷு பு நிலையோ, வரும் உதையைத் தடுக்க முன்காலைச் சட்டென்று தூக்கவும், அதே காலால் எதிராளியின் வயிற்றைத் தள்ளி நிறுத்தவும் உதவுகிறது. பு பு, ஷியே பு ஆகிய தாழ்ந்த நிலைகள் இடுப்புக்கும் தொடைக்கும் வலுவும் நெகிழ்ச்சியும் தருவதற்காக இருக்கின்றன. அவற்றை ஸ்பாரிங்கில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஃபார்மிலிருந்து ஸ்பாரிங்குக்குக் கொண்டுவரவே கூடாத ஒன்று உண்டென்றால், அது அடிக்காத கையை இடுப்பில் இழுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம்தான். ஃபார்மில் ஒரு கை குத்தும்போது மற்றொரு கை இடுப்புக்கு வருகிறது; அது எதிராளியின் கையைப் பற்றி இழுக்கும் அசைவு, அதாவது அந்தக் கைக்குள் ஒருவருடைய மணிக்கட்டு இருப்பதாகப் பொருள். கையில் எதுவும் இல்லாமல் அதை இடுப்புக்கு இழுத்தால், முகத்தின் ஒரு பாதியைக் காவலின்றி விட்டுவிடுகிறீர்கள். ஸ்பாரிங்கில் அடிக்காத கை கன்னத்தோடும், முழங்கை விலாவோடும் இருக்க வேண்டும். அடித்த கையும் போன வழியிலேயே நேராகக் கன்னத்துக்குத் திரும்ப வேண்டும். "ஃபார்மில் செய்வதைப் போலவே செய்" என்று உங்கள் மாஸ்டர் சொல்லும்போது, அவர் இடுப்புத் திருப்பத்தைச் சொல்கிறாரா, இடுப்பில் வைக்கும் கையைச் சொல்கிறாரா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. "மாஸ்டர், இந்த அசைவு நடக்கும்போது எதிராளி எங்கே நிற்கிறார்? அவருடைய கை எங்கே இருக்கிறது?" என்று ஒவ்வோர் அசைவுக்கும் கேளுங்கள், கற்றுக்கொடுப்பதில் ஆர்வமுள்ள எந்த ஆசிரியரும் இந்தக் கேள்விக்காக மகிழ்வார். சீனப் பள்ளிகளில் ஃபார்மைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஓர் ஆளை எதிரே நிறுத்தி, ஒவ்வொரு துண்டையும் சோதித்துப் பார்க்கும் பயிற்சி நெடுங்காலமாக இருந்து வருகிறது. அந்தப் படியைத் தாண்டிவிட்டு ஃபார்மிலிருந்து நேராக ஸ்பாரிங்குக்குத் தாவும் வகுப்புகளில்தான் உங்களைப் போன்ற மாணவர்கள் தடுமாறுகிறார்கள்.

இது இன்று முளைத்த சிக்கலும் அல்ல. சீனாவின் மிங் பேரரசின் தளபதி சீ ஜிகுவாங், 16-ஆம் நூற்றாண்டில் கடற்கொள்ளையரை எதிர்க்கப் படை திரட்டியபோது, கண்ணுக்கு அழகாக இருக்கும் வீச்சுகள் போர்க்களத்தில் உதவாது என்று தன் வீரர்களை எச்சரித்தார். அதே சீ ஜிகுவாங்தான் தன் படைப் பயிற்சி நூலில் வெறுங்கைச் சண்டையின் 32 நிலைகளைப் படங்களோடு தொகுத்தும் வைத்தார். வெறுங்கைப் பயிற்சி பெரும் போரில் நேரடியாகப் பயன்படாவிட்டாலும் கை கால்களைப் பழக்கி உடலைத் தயார் செய்யும் அடித்தளம் என்பது அவர் கருத்து. அலங்காரத்தை வெறுத்தவர் நிலைகளை வெறுக்கவில்லை என்பதை உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள்.

இன்னொரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். அதன் கறுப்பு வெள்ளைப் படப்பதிவு இன்றும் கிடைக்கிறது என்பதால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதியில் ஏற்பட்ட தீயில் 50,000-க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அவர்களுக்கு நிதி திரட்டுவதற்காக 1954 ஜனவரி 17-ஆம் நாள் மக்காவ் நகரில் தாய்ச்சி ஆசிரியர் வூ கோங்யீயும், வெண்நாரை குங்ஃபூ முறை ஆசிரியர் சென் கெஃபூவும் மேடையில் மோதினார்கள். வூவுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. சென் முப்பதுகளின் நடுவில் இருந்தார். இருவரும் தத்தம் கலையில் பெயர் பெற்றவர்கள். ஆனால் படப்பதிவில் நாம் பார்ப்பது என்ன? தாடை மேலே எழும்புகிறது, மேலுடல் பின்னால் சாய்கிறது, கைகள் தூரத்திலிருந்து வட்டமாக வீசப்படுகின்றன, பாதங்கள் உடலுக்குக் கீழே இல்லாமல் பின்தங்கிவிடுகின்றன. இரண்டாம் சுற்றோடு போட்டி நிறுத்தப்பட்டு, வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை, சமமுமில்லை என்று நடுவர் குழு அறிவித்தது. அந்த இருவரையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. பொதுமேடையில் தங்கள் பெயரைப் பணயம் வைத்து ஏழைகளுக்காக நின்ற அவர்கள் மதிப்புக்குரியவர்கள். ஆனால் எதிர்ப்பில்லாத சூழலில் எத்தனை ஆண்டு செம்மைப்படுத்திய வடிவமும், எதிர்ப்புள்ள சூழலில் தானாக வந்து நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. பயனற்றது என்பதால் அந்த வடிவம் அங்கே மறையவில்லை. முழு வேகத்தில் அடி வரும் நேரத்தில் அதைக் காத்துக்கொள்ளும் பயிற்சி போதாமல்தான் மறைந்தது. உங்களுக்கு நடப்பதும் இதுவேதான்.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். முகத்தை நோக்கி ஓர் அடி வருகிறது என்று தெரிந்ததும் பெரும்பாலான மனிதர்களின் உடல் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது: கண் மூடுகிறது, மூச்சு நிற்கிறது, தோள் இறுகி மேலேறுகிறது, தலை பின்னால் விலகுகிறது. தலை பின்னால் போனதும் எடை குதிகாலுக்குப் போய்விடுகிறது. குதிகாலில் நிற்பவரால் நேராகக் குத்த முடியாது, ஏனென்றால் தள்ளுவதற்குக் கால் கிடைப்பதில்லை. மீதமிருப்பது தோள் மட்டுமே என்பதால் கை சுழல்கிறது. நீங்கள் ஏதோ முரட்டுத்தனத்தால் கையைச் சுழற்றவில்லை. மூச்சை நிறுத்தியதன் முடிவாகவே கை சுழல்கிறது. ஆகவே திருத்தத்தைக் கையிலிருந்து தொடங்கினால் பயன் இருக்காது. மூச்சிலும் பாதத்திலும் தொடங்க வேண்டும். பத்து வினாடியில் எல்லாம் மறந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பத்து வினாடியில் எத்தனை முறை மூச்சை வெளியே விட்டீர்கள் என்று நண்பர் ஒருவரை அருகில் நின்று கவனிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு முறைகூட இருக்காது.

சாண்டா போட்டிக்குப் போக விரும்புகிறீர்கள் என்பதால், அதன் விதிகள் முறை தவறுபவரை எப்படித் தண்டிக்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உலக அளவிலான விதிப்படி மேடை 8 மீட்டர் சதுரம், உயரம் 80 சென்டிமீட்டர், சுற்றிக் கயிறு கிடையாது. இரண்டு நிமிடச் சுற்றுகள் மூன்று, இடையில் ஒரு நிமிட ஓய்வு. கையால் உடலிலோ தலையிலோ தெளிவாக அடித்தால் ஒரு புள்ளி, தொடையில் உதைத்தால் ஒரு புள்ளி, உடலிலோ தலையிலோ உதைத்தால் இரண்டு புள்ளி. எதிராளியை வீழ்த்திவிட்டு நீங்கள் நின்றுகொண்டிருந்தால் இரண்டு புள்ளி. மேடையை விட்டுக் கீழே விழச் செய்தாலும் இரண்டு புள்ளி. நீங்கள் வீசும் வட்ட அடி பத்தில் ஒன்று பட்டால் ஒரு புள்ளி கிடைக்கலாம். ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் உங்கள் மேலுடல் முன்னால் சரிந்து, முன்பாதத்தில் எடை முழுதும் இறங்கி, விலாவும் திறந்துவிடுகிறது. அனுபவமுள்ள ஒருவர் அந்த நேரத்தில் தாழ்ந்து உங்கள் இரு கால்களையும் கட்டிக்கொண்டு வீழ்த்தினால் இரண்டு புள்ளி அவருக்குப் போகும். உதையும் அப்படியே. உதைத்த காலை மடக்கித் திரும்ப இழுக்காமல் அங்கேயே விடுபவருடைய கால் பிடிபடுகிறது. ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டே மேடை விளிம்புவரை தள்ளப்பட்டுக் கீழே விழுபவர்களை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறோம். உதையின் இரண்டாம் பாதி, அதாவது முழங்காலை மடக்கி, பாதத்தைத் தன் எடைக்குக் கீழே கொண்டுவந்து வைப்பது, ஃபார்மில் மெதுவாகப் பழகித் திருத்தப்பட வேண்டிய பகுதி. மாணவர்கள் மிகவும் அலட்சியம் செய்வதும் அதையே. இன்னொன்று: முழங்கையால் தாக்குவது இந்தப் போட்டியில் தடை செய்யப்பட்டது. உங்கள் நண்பரின் புருவத்தைக் கிழித்த அதே வீச்சு போட்டி மேடையில் நடந்தால், வேண்டுமென்று செய்தீர்களா இல்லையா என்று விசாரித்துக்கொண்டிருக்க நடுவருக்கு நேரம் இருக்காது.

இனி என்ன செய்வது என்று பார்ப்போம். கை குணமானதும், முழு ஸ்பாரிங்கை ஆறு வாரங்களுக்கு நிறுத்திவிடுங்கள். இது பின்வாங்கல் என்று உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். ஆனால் முறை குலைந்த நிலையில் நடக்கும் ஒவ்வொரு ஸ்பாரிங்கும் அந்தக் குலைவையே உங்களுக்குக் கற்றுத்தருகிறது. நிதானமாக எழுதினால் முத்து முத்தாக எழுதும் பிள்ளை, பரீட்சை ஹாலில் கடைசிப் பத்து நிமிடத்தில் கிறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மருந்து கையெழுத்தை மறக்கச் சொல்வதல்ல, எழுத்து சிதையாத அளவுக்கு வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்குவதுதான்.

முதல் இரண்டு வாரம் எதிரே நிற்பவருக்கும் உங்களுக்கும் ஒரே ஓர் ஆயுதம் போதும்: முன்கையின், அதாவது முன்னால் நிற்கும் கையின், நேர்க்குத்து. வேகம் கால்வாசிக்கு மேல் போக வேண்டாம். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, முன்பாதம் கோட்டுக்கு ஒரு பக்கமும் பின்பாதம் மறுபக்கமும் இருக்கும்படி நில்லுங்கள். முன்னே போனாலும் பின்னே வந்தாலும் இரண்டு பாதங்களும் ஒரே கோட்டின்மீது வரக் கூடாது, ஒன்றையொன்று கடக்கவும் கூடாது. முன்னே போகும்போது முன்பாதமும், பின்னே வரும்போது பின்பாதமும் முதலில் நகர வேண்டும். ஒவ்வொரு குத்துக்கும் மூக்கு வழியாகவோ பற்களுக்கிடையிலோ ஒலி எழும்படி மூச்சை விடுங்கள். எதிரே நிற்பவர் அடிக்கும்போதும் விடுங்கள். தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையே ஒரு டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டால், தலை எழும்பும் கணத்தில் பந்து விழுந்து காட்டிக்கொடுக்கும். அக்குளில் சிறு துண்டு ஒன்றை இடுக்கிக்கொண்டு நேர்க்குத்துப் பழகினால், முழங்கை வெளியே விரியும்போதெல்லாம் துண்டு நழுவும். இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்று போதும். மனம் ஒரு நேரத்தில் ஒரே திருத்தத்தைத்தான் காவல் காக்கும்.

ஒரு நிபந்தனை மட்டும் கண்டிப்பாக இருக்கட்டும். உங்கள் இருவரில் யாருடைய நிலை குலைந்தாலும், எதிரே நிற்பவர் "நிறுத்து" என்று சொல்ல வேண்டும். இருவரும் ஓரடி பின்வாங்கி, பாதத்தைச் சரிசெய்து, ஒரு மூச்சு விட்டு, மீண்டும் தொடங்க வேண்டும். முதல் நாளில் இரண்டு நிமிடத்துக்குள் பலமுறை நிற்க நேரிடும், எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலைத் தாங்குங்கள். நிற்காமல் ஒரு நிமிடம் கடந்த பிறகு மட்டும் பின்கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் நிலைத்த பிறகு முன்கால் தள்ளுதையை, பிறகு காலைப் பிடித்து வீழ்த்துவதை. புதிதாக ஒன்றைச் சேர்க்கும் நாளில் வேகத்தைப் பழையபடி குறைத்துவிட வேண்டும். இதை மறந்துவிட்டு, ஆயுதத்தையும் கூட்டி வேகத்தையும் கூட்டுபவர்கள்தான் மூன்றாம் வாரத்தில் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

வாரம் ஒருமுறை கைப்பேசியில் ஒரு சுற்றைப் பதிவு செய்யுங்கள். பார்க்கும்போது திரையின் மேல்பாதியை ஒரு காகிதத்தால் மறைத்துக்கொண்டு பாதங்களை மட்டும் முதலில் பாருங்கள். அடி பட்டதா இல்லையா என்பதில் கண் சிக்கிக்கொண்டால் மற்ற எதுவும் தெரியாது. மேல்பாதியை மறைத்துவிட்டால், ஒவ்வொரு தவறான வீச்சுக்கும் அரை வினாடி முன்பே பாதம் தவறியிருப்பது உங்களுக்கே புலப்படும். அந்த அரை வினாடியைக் கண்டுபிடித்துவிட்டால் எதைத் திருத்த வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஃபார்மையும் விட்டுவிடாதீர்கள், ஆனால் செய்யும் விதத்தைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். முழு ஃபார்மையும் பத்து முறை ஓட்டுவதற்குப் பதில், அதில் ஒரு குத்தையும் ஒரு நகர்வையும் மட்டும் எடுத்து, முதலில் ஆழமான நிலையில் மெதுவாகவும், அடுத்து அதே அசைவை ஸ்பாரிங் உயரத்தில், கையைக் கன்னத்திலிருந்து தொடங்கிக் கன்னத்தில் முடித்தும் செய்யுங்கள். ஆழத்தில் உணர்ந்த குதிகால் அழுத்தமும் இடுப்புத் திருப்பமும் உயரத்திலும் கிடைக்கிறதா என்று சோதியுங்கள். கிடைத்தால், ஃபார்ம் ஸ்பாரிங்குக்குள் வரத் தொடங்கிவிட்டது.

எதிரே நிற்பவரைப் பற்றியும் நீங்கள் யோசிக்க வேண்டும். முறையோடு அடிப்பவருக்குத் தன் கை எங்கே முடியும் என்று தெரியும். ஆகவே அவரால் ஓர் அங்குலம் முன்னதாக நிறுத்தவும் முடியும். சுழற்றுபவருக்குத் தன் கை எங்கே போகிறது என்றே தெரியாது. தெரியாத ஒன்றை நிறுத்துவதும் இயலாது. பயிற்சிக் கூடத்தில் ஒருவர் தன் முகத்தை நம்பி உங்கள் முன் நிறுத்துகிறார் என்றால், உங்கள் கட்டுப்பாட்டை நம்பியே நிறுத்துகிறார். அந்த நம்பிக்கைக்குரியவராக இருப்பது உங்கள் கடமை. தலைக் கவசமும் வாய்க் காவலும் இல்லாமல் தலையில் அடிக்கும் ஸ்பாரிங்கைச் செய்யாதீர்கள். தலையில் அடி வாங்கிய பிறகு யாருக்காவது தலைவலி, குமட்டல், தடுமாற்றம், பார்வை மங்கல், நடந்தது நினைவில்லாமை இவற்றில் ஒன்று தெரிந்தாலும், அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மருத்துவர் சொல்லும்வரை அவர் ஸ்பாரிங்குக்குத் திரும்பக் கூடாது. கவசம் வெட்டுக் காயத்தைத் தடுக்கும். மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது.

கடைசியாக, போட்டி. எலும்பு முறிந்திருப்பது உறுதியானால் இந்த முறை பெயர் கொடுக்க வேண்டாம். எலும்பு கூடுவதற்கும் கை பழைய வலுவைப் பெறுவதற்குமே பல வாரங்கள் போய்விடும், மீதமிருக்கும் நாட்கள் ஆறு வாரப் பயிற்சிக்குப் போதாமல் போகலாம். முறிவு இல்லை என்றால், பெயரைக் கொடுத்துவைத்து, போட்டிக்கு மூன்று வாரம் முன்பு ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். உங்கள் எடையுள்ள ஒருவரோடு, முக்கால் வேகத்தில், இரண்டு நிமிடச் சுற்றுகள் மூன்று ஆடி, மூன்றாம் சுற்றின் கடைசி அரை நிமிடத்தைப் பதிவு செய்து மாஸ்டரிடம் காட்டுங்கள். களைத்துப்போன அந்த அரை நிமிடத்தில் பாதங்கள் கடக்காமல், தாடை தாழ்ந்து, அடித்த கை கன்னத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தால், போய் ஆடுங்கள். அப்படி இல்லை என்று மாஸ்டர் சொன்னால், போட்டியிலிருந்து விலகி, அதே பயிற்சியை மீண்டும் முன்கை நேர்க்குத்திலிருந்து தொடங்குங்கள். அடுத்த ஆண்டும் போட்டி நடக்கும்.